கல் விழுமா, மலை வெடிக்குமா: கேள்வி பதில்

வணக்கம். நிலவியல் படித்து, சுத்தியலும் லென்ஸுமாகப் பாறை தட்டியே வேலைக்காலத்தை முடித்தவன் நான். எரிமலைச் சாம்பல் பற்றிக் கேட்டால் நீளமாகப் பேசுவேன், முன்னாடியே சொல்லிவிடுகிறேன். விண்கல் பற்றியும் பேசலாம், கீழே விழுந்துவிட்டால் அதுவும் பாறைதானே. நட்சத்திரம், கருந்துளை எல்லாம் படித்துத் தெரிந்த அளவுக்குத்தான். அணுகுண்டு, செயற்கை நுண்ணறிவு, ஆய்வகக் கிருமி இவற்றுக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஜோசியத்துக்கும்.

மாயவரத்தான்: 2029 ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை, அபோஃபிஸ் என்ற கல் பூமியில் மோதும் என்று குடும்ப குரூப்பில் வந்திருக்கிறது. அம்மா பயந்துபோயிருக்கிறார். என்ன சொல்வது?

பதில்: மோதாது என்று சொல்லுங்கள். 2004 டிசம்பர் கடைசியில் சில நாள், மோதும் வாய்ப்பு 2.7 சதவீதம் வரை போனது உண்மை. அப்புறம் பழைய படங்களில் அதைத் தேடிப்பிடித்துப் பாதையைத் துல்லியமாக்கினார்கள், 2029-இல் மோதும் வாய்ப்பு கழிந்தது. 2021-இல் ரேடார் வைத்து அளந்து, இன்னும் நூறு வருஷத்துக்காவது மோதல் இல்லை என்று முடித்துவிட்டார்கள். சுமார் 340 மீட்டர் அகலமுள்ள கல், தரையிலிருந்து ஏறத்தாழ 32,000 கி.மீ. உயரத்தில் கடக்கும். டிவி ஒளிபரப்பும் செயற்கைக்கோள்கள் கிட்டத்தட்ட 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கின்றன. அவற்றுக்கும் உள்ளே வந்து போகிறது. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாவில் வெறுங்கண்ணுக்கே நகரும் புள்ளியாகத் தெரியும். பயப்பட வேண்டிய நாள் இல்லை, பார்க்க வேண்டிய நாள்.

இந்த சதவீதம் ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் எல்லோரும் பதறுகிறார்கள். 2025 பிப்ரவரியில் 2024 ஒய்ஆர்4 என்ற கல்லுக்கும் 3.1 சதவீதம் வரை ஏறி, அந்த மாதமே சைபர் பக்கம் வந்துவிட்டது. திருட்டு வழக்கில் நூறு பேர் மேல் சந்தேகம் என்று வையுங்கள். ஐம்பது பேரை விசாரித்து விட்டுவிட்டால், மிச்சமுள்ள ஒவ்வொருவர் மேலும் சந்தேகம் இரட்டிப்பாகும். அதில் ஒருவர் நிரபராதியாக இருந்தாலும், அவரை விடுவிக்கும் நிமிஷம் வரை அவர் மேல் சந்தேகம் ஏறிக்கொண்டேதான் போகும். கல்லின் பாதை துலங்கத் துலங்க, பூமி கடைசிவரை அந்தப் பட்டியலில் நின்றுவிட்டு சட்டென்று வெளியே வந்துவிடும். ஆகவே 'வாய்ப்பு இரட்டிப்பானது' என்ற செய்தியைப் பார்த்தால் ஒரு மாதம் பொறுங்கள்.

பொன்னேரி வாசகி: கண்டுபிடிக்காத கற்கள் இன்னும் எத்தனை இருக்கும்?

பதில்: ஒரு கிலோமீட்டருக்கு மேல் பெரியவை, அதாவது உலகம் முழுவதையும் பாதிக்கக்கூடியவை, ஏறக்குறைய 95 சதவீதம் கண்டுபிடித்தாயிற்று. எதுவும் அடுத்த நூற்றாண்டுக்குள் நம் மேல் வருவதாக இல்லை. 140 மீட்டருக்கு மேற்பட்டவை மொத்தம் 25,000 இருக்கலாம் என்று கணக்கு. அதில் பாதிகூட இன்னும் தேறவில்லை. அவை ஒரு மாநிலத்தை நாசமாக்கும், மனித இனத்தை அல்ல.

இன்னும் சின்னவை சொல்லாமல்தான் வரும். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே வெடித்தது 20 மீட்டர்க் கல். சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்ததால் எந்தத் தொலைநோக்கியும் பார்க்கவில்லை. காயப்பட்டவர்கள் சுமார் 1,500 பேர். பெரும்பாலும் கண்ணாடிக் காயம். வானத்தில் பளீரென்று வெளிச்சம், எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள், அதிர்வலை ஒன்றரை நிமிஷம் கழித்து வந்து ஜன்னலை முகத்தில் அடித்தது. இதை நான் எங்கே பேசினாலும் சொல்வேன், இங்கேயும் சொல்கிறேன்: வானத்தில் கண்கூசும் வெளிச்சம் கண்டால் ஜன்னல் பக்கம் போகாதீர்கள். தரையில் குப்புறப் படுங்கள்.

விக்கிரவாண்டி வேலு: அணுகுண்டு போட்டுத் தகர்த்துவிட முடியாதா?

பதில்: தகர்த்தால் ஒரு கல் ஆயிரம் கல்லாக வரும். தள்ளிவிடுவது மேல். 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்ஃபோஸ் என்ற 160 மீட்டர்க் கல்லில் வேண்டுமென்றே மோதியது. தன் பெரிய கூட்டாளியை 11 மணி 55 நிமிஷத்தில் சுற்றிவந்த அந்தக் கல், மோதலுக்குப் பின் 33 நிமிஷம் குறைவாகச் சுற்றுகிறது. எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு விளைவு. காரணம், மோதியபோது தெறித்த தூசியும் கல்லும் பின்னோக்கிப் பீய்ச்சியடித்து, கல்லை இன்னும் தள்ளிவிட்டன. ஆனால் மோதும் நாளுக்குப் பல வருஷம் முன்பே தள்ளினால்தான் இது பலிக்கும். கடைசி மாதத்தில் தெரிந்தால் ஊரைக் காலி செய்வதுதான் வழி.

கடலூர் காற்று: சூரியன் எப்போது அணையும்?

பதில்: ஐந்நூறு கோடி வருஷம். அதற்கு வெகு முன்பே, நூறு கோடி வருஷத்தில், சூரியன் பத்து சதவீதம் பிரகாசமாகி நம் கடல்கள் வற்ற ஆரம்பிக்கும். கவலையை அதுவரை தள்ளிப்போடலாம்.

ஆருத்ரா: திருவாதிரை நட்சத்திரம் வெடிக்கப்போகிறதாமே. 2019 கடைசியில் மங்கியதைக் கண்ணாலேயே பார்த்தேன்.

பதில்: மங்கியது தூசியால். நட்சத்திரமே கக்கிய பொருள் குளிர்ந்து முன்னால் திரைபோட்டது. வெடிக்கத்தான் போகிறது, ஆனால் ஒரு லட்சம் வருஷம்கூட ஆகலாம். அது ஐந்நூறு ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது. சூப்பர்நோவா நமக்குக் கெடுதல் செய்ய வேண்டுமானால் ஒரு முப்பது நாற்பது ஒளியாண்டுக்குள் இருக்க வேண்டும், அந்தத் தூரத்தில் வெடிக்கக்கூடிய நட்சத்திரம் எதுவும் இல்லை. வெடித்தால் பகலிலேயே தெரியும், நாம் வேடிக்கை பார்க்கலாம்.

பாறைக்காரனுக்குப் பிடித்த ஒரு விஷயம்: பசிபிக் கடலடிப் பாறைப் படிவங்களில் இரும்பு-60 என்ற கதிரியக்க இரும்பு கிடைத்திருக்கிறது. பூமியில் இயற்கையாக அது இவ்வளவு இருக்க வழியில்லை. இருபது முப்பது லட்சம் வருஷத்துக்கு முன் நம் அக்கம்பக்கத்தில் ஏதோ நட்சத்திரம் வெடித்துத் தூவியது. நம் மூதாதையர் அப்போது ஆப்பிரிக்காவில் நடந்துகொண்டிருந்தார்கள், நடந்துகொண்டேதான் இருந்தார்கள்.

துணைமின்நிலையம்: நான் மின்துறையில் இருப்பவன். சூரியப் புயல் வந்தால் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும் என்கிறார்களே, தெற்கே நமக்கும் ஆபத்தா?

பதில்: நல்ல கேள்வி. சூரியப் புயல் யாரையும் நேரடியாகக் கொல்லாது. பூமியின் காந்தப்புலத்தை ஆட்டும், அந்த ஆட்டத்தில் நீண்ட கம்பிகளில் மெதுவாக மாறும் மின்னோட்டம் தூண்டப்படும். உங்கள் டிரான்ஸ்ஃபார்மரைத் தரையோடு இணைக்கும் நியூட்ரல் எர்த் வழியாக அது உள்ளே ஏறும். கிட்டத்தட்ட டிசி மாதிரி, ஒரே திசையில் ஓடுவதுபோல இருப்பதால் உள்ளே உள்ள இரும்புக் கோர் ஒரு பக்கமாகக் காந்தச் செறிவடைந்து சூடாகும், மீதி உங்களுக்கே தெரியும். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணம் முழுக்க ஒன்றரை நிமிஷத்தில் இருட்டானது, அறுபது லட்சம் பேருக்கு ஒன்பது மணிநேரம் மின்சாரம் இல்லை.

துருவங்களுக்கு அருகில்தான் ஆபத்து அதிகம். தமிழ்நாட்டுக்குக் குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. காந்தநடுக்கோடு நம் தென்கோடி அருகே போகிறது, அதன் மேலே வானில் பகல் நேரத்தில் ஒரு மின்னோட்டப் பட்டை ஓடிக்கொண்டிருக்கிறது, புயலில் அதுவும் ஆடும். 1859 செப்டம்பரில் வந்த கேரிங்டன் புயலில் தந்திக் கம்பிகளில் தீப்பொறி பறந்தது. அந்தப் புயலை நன்றாகப் பதிவுசெய்த கருவி எங்கே இருந்தது தெரியுமா? பம்பாய் கொலாபாவில். காந்தப்புலம் 1,600 நானோடெஸ்லா அளவுக்கு விழுந்ததை அங்கே ஊழியர்கள் கண்ணால் பார்த்துக் கையால் எழுதி வைத்தார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்க அந்த ஏட்டைத்தான் எடுத்துப் புரட்டுகிறார்கள்.

பரமக்குடி பாலா: சார், 2029-இல் அபோஃபிஸ்...

பதில்: மேலே முதல் பதில்.

சேலத்து மாணவி: நேராகவே கேட்கிறேன். இயற்கையாக வரும் ஆபத்துகளில் மனிதர்களுக்கு உண்மையிலேயே பயப்பட வேண்டியது எது?

பதில்: இதற்குத்தான் காத்திருந்தேன்.

முதலில் இரண்டைப் பிரித்துக்கொள்ளுங்கள். மனித இனம் பூண்டோடு ஒழிவது ஒன்று, கோடிக்கணக்கானோர் சாவது இன்னொன்று. முதலாவது மிகக் கடினம். நம் இனம் சுமார் மூன்று லட்சம் வருஷமாக இருக்கிறது, அதாவது மூவாயிரம் நூற்றாண்டு. அத்தனை நூற்றாண்டிலும் கல், எரிமலை, சூரியன் எல்லாம் இருந்தன, தாண்டி வந்துவிட்டோம். ஆகவே ஒரு நூற்றாண்டில் இயற்கை நம்மை முழுசாக முடிப்பதற்கான வாய்ப்பு மிக மிகச் சின்னது என்று துணிந்து சொல்லலாம்.

இரண்டாவது அப்படியல்ல. அதற்கு என் பதில் எரிமலை. எரிமலையின் தீக்குழம்பு இல்லை, சாம்பல்கூட இல்லை, கந்தகம். சாம்பல் சில வாரத்தில் கீழே விழுந்துவிடும். கந்தக வாயு மழைமேகத்துக்கு மேலே உள்ள அடுக்குக்குப் போனால் அங்கே நுண்ணிய அமிலத் துளிகளாக மாறி, இரண்டு மூன்று வருஷம் வெயிலைத் தடுக்கும். 1991-இல் பிலிப்பைன்ஸின் பினட்டூபோ வெடித்து உலகச் சராசரி வெப்பத்தை அரை டிகிரி இறக்கியது, அது நடுத்தர எரிமலை. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா வெடித்தது. அடுத்த வருஷம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் கோடை வரவே இல்லை, ஜூனில் பனி விழுந்தது, தானிய விலை ஏறியது, ஜனங்கள் ஊர் ஊராகப் பிச்சையெடுத்தார்கள். அன்று உலக மக்கள்தொகை நூறு கோடி. இன்று எண்ணூறு கோடி.

துருவப் பனியில் படிந்த கந்தகத்தைக் கணக்கிட்டுப் பார்த்தவர்கள், தம்போரா அளவிலான வெடிப்பு இந்த நூற்றாண்டில் நடக்க ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு என்கிறார்கள். ஆறில் ஒன்று! தாயக்கட்டை உருட்டும்போதுகூட அந்த வாய்ப்பை யாரும் அலட்சியப்படுத்துவதில்லை. ஆனால் எல்லோரும் என்னிடம் கேட்பது அபோஃபிஸ். எந்த மலை வெடிக்கும் என்பதும் முன்கூட்டியே தெரியாது. 1257-இல் ஏதோ ஒரு பிரம்மாண்டமான வெடிப்பு நடந்தது என்று பனி சொல்லியது, அது லம்பாக் தீவின் சமலாஸ் என்று 2013-இல்தான் அடையாளம் கண்டார்கள்.

பெரிய வெடிப்புகளுக்குப் பிறகு நம் பருவமழை பலவீனமாவதும் தெரிந்த விஷயம். நிலம் குளிர்ந்தால் கடல்காற்றை இழுக்கும் வேகம் குறையும். கல் விழுந்தாலும் இதே கதைதான்: தூசி, புகை, வெயில் இல்லை, விளைச்சல் இல்லை. எந்தக் கதவு வழியாக வந்தாலும் கடைசியில் வந்து நிற்பது தானியக் கிடங்கில். உலகத்தின் மொத்தத் தானிய இருப்பு மூன்று நான்கு மாதச் சாப்பாட்டுக்குத் தாங்கும், அவ்வளவுதான்.

செஞ்சிக்காரன்: எரிமலை மனித இனத்தையே முடிக்காது என்கிறீர்கள். தோபா? 74,000 வருஷத்துக்கு முன் சுமாத்ராவில் வெடித்ததில் உலகத்திலேயே சில ஆயிரம் பேர்தான் மிஞ்சினார்கள் என்று மரபணுவே சொல்கிறதே.

பதில்: வந்துவிட்டது. தோபா வெடிப்பு உண்மை, கடந்த 20 லட்சம் வருஷத்தில் மிகப் பெரியவற்றில் ஒன்று. இன்று அந்த இடத்தில் 100 கி.மீ. நீள ஏரி இருக்கிறது. வெளியே வந்த பாறைக்குழம்பு ஏறத்தாழ 2,800 கன கி.மீ. அதன் சாம்பல் வங்கக் கடலைத் தாண்டி இந்தியாவில் விழுந்தது. ஆந்திராவின் கர்நூல் பக்கம் ஜ்வாலாபுரத்தில் நானே அந்தப் பள்ளங்களில் நின்றிருக்கிறேன். ஆள் உயரத்துக்கும் மேலே வெளிர் சாம்பல், வெட்டியெடுத்து விற்கிறார்கள். விரலில் தேய்த்தால் பவுடர் மாதிரி வழுக்கும், நுனிப்பல்லில் கடித்தால் நறநறவென்று கண்ணாடி. லென்ஸ் வைத்துப் பார்த்தால் மூன்று கை விரித்த சில்லுகள் தெரியும். மூன்று குமிழிகள் ஒட்டிய மூலை, குமிழி உடைந்தபின் மிஞ்சியது. அந்த உயரம் முழுக்க வானத்திலிருந்து விழவில்லை, அதையும் சொல்ல வேண்டும். விழுந்தது சில சென்டிமீட்டர். சரிவுகளிலிருந்து மழை அடித்துப் பள்ளத்தில் சேர்த்தது மற்றது.

'மனிதர்கள் சில ஆயிரமானார்கள்' என்பது 1998-இல் மானுடவியலாளர் ஸ்டான்லி ஆம்ப்ரோஸ் முன்வைத்த கருதுகோள். அழகான கருதுகோள். ஆனால் அதற்கு எதிராகச் சாட்சிகள் வந்துகொண்டே இருக்கின்றன.

பழங்கற்காலன்: சார் சொல்வதற்கு முன் நான் சொல்லிவிடுகிறேன். அதே ஜ்வாலாபுரத்தில் சாம்பலுக்குக் கீழேயும் கற்கருவி, மேலேயும் அதே மாதிரிக் கற்கருவி. 2007-இலேயே வெளியான ஆய்வு. செத்துப்போனவன் கல் செதுக்குவானா?

செஞ்சிக்காரன்: கீழே இருந்தவனும் மேலே இருந்தவனும் ஒரே ஆள் என்று யார் சொன்னது? இங்கே எல்லோரும் செத்து, வேறெங்கோ பிழைத்த கூட்டம் ஐந்நூறு வருஷம் கழித்து வந்து அதே முறையில் செதுக்கியிருக்கலாமே!

பழங்கற்காலன்: 'லாமே' வைத்து ஆராய்ச்சி செய்ய முடியாது நண்பரே.

பதில்: இரண்டு பேரும் நிறுத்துங்கள். செஞ்சிக்காரர் கேட்டது நியாயமான கேள்வி. மண்ணடுக்கின் காலத்தை ஐம்பது நூறு வருஷத் துல்லியத்தில் பிரிக்க முடியாது. அந்த இடைவெளிக்குள் ஒரு ஊர் ஒழிந்து இன்னொரு ஊர் குடியேறியிருக்க முடியும். கற்கருவியை மட்டும் வைத்து 'யாரும் சாகவில்லை' என்று சொன்னால் நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் மற்ற சாட்சிகளையும் சேருங்கள். மத்தியப் பிரதேசத்தில் சோன் ஆற்றங்கரை தாபாவில், 80,000 வருஷமாகக் கருவிகள் விட்டுப்போகாமல் தொடர்கின்றன என்று 2020-இல் எழுதினார்கள். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிச் சேற்றில் தோபாவின் சில்லுகள் கிடைத்த அடுக்கில் கடும் குளிரின் தடயம் இல்லை. தென்னாப்பிரிக்கக் கடற்கரையில் பினக்கிள் பாயிண்ட் குகையில் அதே சில்லுகள், அந்த அடுக்குக்குப் பின் மனித நடமாட்டம் கூடியிருக்கிறது. கடைசியாக எனக்கு மிகவும் பிடித்த சாட்சி: ஒராங்குட்டான். சுமாத்ராவிலேயே, தோபா ஏரிக்குத் தெற்கே, தபானுலி ஒராங்குட்டான் இன்றும் வாழ்கிறது. எரிமலையின் வாசலில் இருந்த குரங்கு பிழைத்தது, ஆப்பிரிக்காவில் இருந்த மனிதன் செத்தானா?

செஞ்சிக்காரன்: அப்போ மரபணு பொய்யா?

பதில்: மரபணு பொய் சொல்லவில்லை, நாம்தான் அதன் வாயில் தேதியைத் திணிக்கிறோம். ஆப்பிரிக்காவை விட்டு வெளியே வந்தது சின்னக் கூட்டம். அந்தச் சின்னக் கூட்டத்தின் பேரப்பிள்ளைகள் மரபணுவில் நெருக்கமாகத்தான் இருப்பார்கள், அதற்கு எரிமலை தேவையில்லை. 2023-இல் இன்னொரு ஆய்வு, ஒன்பது லட்சம் வருஷத்துக்கு முன் நம் மூதாதையரில் பிள்ளை பெறக்கூடியவர்கள் சுமார் 1,280 பேராகக் குறைந்தார்கள் என்றது. அதையும் பலர் மறுக்கிறார்கள். அது உண்மையானாலும் தோபாவுக்கு எட்டு லட்சம் வருஷம் முந்தியது.

பழங்கற்காலன்: அதைத்தான் நானும்...

செஞ்சிக்காரன்: நீங்கள் சொன்னது அது இல்லை. சாம்பல் விழுந்த ஊரில் ஒருவன்கூடச் சாகவில்லை என்கிற மாதிரிப் பேசினீர்கள்.

திண்டிவனம் ஸ்ரீ: மற்றவர்களுக்கும் கேள்வி இருக்கிறது அய்யா.

பதில்: ஆமாம். செஞ்சியும் பழங்கற்காலமும் தனியே தொடருங்கள். என் கட்சி இதுதான்: தோபாவைச் சுற்றியிருந்தவர்கள் செத்தார்கள், தெற்காசியாவில் பல இடங்களில் கஷ்டப்பட்டிருப்பார்கள், மனித இனம் நூலிழையில் தப்பியது என்பதற்கு ஆதாரம் போதாது. அடுத்த கேள்விகளைச் சுருக்கமாக முடிக்கிறேன்.

திண்டிவனம் ஸ்ரீ: யெல்லோஸ்டோன் எரிமலை 'காலம் கடந்துவிட்டது' என்கிறார்களே?

பதில்: எரிமலைக்குத் தவணை தேதி கிடையாது. கடைசிப் பெருவெடிப்பு 6,40,000 வருஷத்துக்கு முன். கீழே உள்ள குழம்பு பெரும்பகுதி உறைந்த நிலையில் இருக்கிறது. எனக்கு யெல்லோஸ்டோனைவிட, பெயர்கூடத் தெரியாமல் கண்காணிப்பு இல்லாமல் கிடக்கும் இந்தோனேசிய மலைகள் மேல்தான் பயம்.

வடதுருவம்: காந்தத் துருவம் தலைகீழாகப் போகிறதாம். பேரழிவா?

பதில்: கடைசியாகப் புரண்டது 7,80,000 வருஷத்துக்கு முன். அப்போது உயிரினங்கள் கூட்டமாக அழிந்த தடயம் பாறையில் இல்லை. ஒரே ராத்திரியில் நடப்பதும் இல்லை, ஆயிரக்கணக்கான வருஷம் இழுக்கும்.

கோவை கண்மணி: காமா கதிர் வெடிப்பு?

பதில்: பெரிய நட்சத்திரம் இடிந்து சாகும்போது பீய்ச்சும் கடும் கதிர்வீச்சு அது. 2022 அக்டோபர் 9 அன்று ஒன்று வந்தது. சுமார் இருநூறு கோடி ஒளியாண்டுத் தூரத்திலிருந்து வந்தும் நம் வளிமண்டலத்தின் மேலடுக்கை லேசாக ஆட்டிவிட்டது. நம் பால்வெளிக்குள்ளேயே, நம்மைக் குறிபார்த்து நடந்தால் ஓசோன் போகும். அப்படி நடப்பது மிக மிக அரிது, நடந்தால் செய்யக்கூடியதும் எதுவும் இல்லை. அதனால் இதை நினைத்துத் தூக்கம் கெடுத்துக்கொள்வதில் லாபமில்லை.

எல்லாம் அறிந்தவன்: பூமியில் மோத வருகிறது என்கிறார்களே, நிபிரு கிரகம்?

பதில்: கிடையாது.

எல்லாம் அறிந்தவன்: மூன்று நாள் இருட்டு?

பதில்: கிடையாது. நீங்களே அனுப்புவதை நிறுத்தினால் பாதி வதந்தி குறையும்.

திருமானூர் தமிழ்: எங்கள் அரியலூர் சுண்ணாம்புச் சுரங்கத்தில் நத்தை மாதிரிச் சுருண்ட கல் நிறையக் கிடைக்கும். அது டைனோசர் காலம் என்றார்கள். டைனோசரைக் கொன்றது விண்கல்லா, தக்காணத்து எரிமலையா?

பதில்: அந்தச் சுருள் கல் அம்மோனைட். உங்கள் ஊர் அப்போது கடல். அம்மோனைட்டுகள் டைனோசரோடு சேர்ந்து 6.6 கோடி வருஷத்துக்கு முன் ஒழிந்தன. முக்கியக் குற்றவாளி மெக்ஸிகோவின் சிக்சுலுப்பில் விழுந்த பத்துப் பதினைந்து கி.மீ. கல். 180 கி.மீ. பள்ளம் வெட்டியது. 1980-இல் ஆல்வரெஸ் குழு உலகெங்கும் அந்த அடுக்கில், விண்கற்களில் அதிகமுள்ள இரிடியம் என்ற உலோகத்தைக் கண்டதிலிருந்து வழக்கு இந்தப் பக்கம்தான் போகிறது. தக்காண எரிமலைகள் அதற்கு முன்பும் பின்பும் கக்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்குத் துணைக்குற்றவாளி இடம் தரலாம், என் மாணவர்கள் சிலர் இதற்கு என்னோடு சண்டைக்கு வருவார்கள். கவனிக்க வேண்டியது, அந்தக் கல் விழுந்த இடம் ஜிப்சம் மாதிரியான கந்தகப் பாறை. மறுபடியும் கந்தகம்! ஆழ்கடலில் விழுந்திருந்தால் கதை மாறியிருக்கும். பிழைத்தவை சின்ன உடம்புக்காரர்கள், விதை தின்றவை, அழுகியதைத் தின்றவை. அதாவது, வெயில் இல்லாத வருஷங்களில் சாப்பிட ஏதோ ஒன்று கிடைத்தவை.

மயிலாப்பூர் மாமி: விண்கல் தேடுவதில் நம்மூருக்குப் பங்கு உண்டா?

பதில்: உண்டே. நுங்கம்பாக்கத்தில் இன்று வானிலை மையம் இருக்கும் வளாகத்தில்தான் மதராஸ் வான் ஆய்வகம் இருந்தது. 1861 ஏப்ரலில் நார்மன் போக்சன் அங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார், ஆசியாவிலிருந்து கண்ட முதல் சிறுகோள் என்பதால் 'ஆசியா' என்றே பெயர். அந்த ஆய்வகத்தின் பழைய கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கிறது, தமிழிலும் கல்வெட்டு உண்டு. 1988-இல் காவலூர் வான் ஆய்வகத்தில் ராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர் வைத்தார்கள். அவர்கள் அந்தத் தேடலுக்கு வைத்த பெயர் 'கல்கி', பொருத்தமான பெயர்தான்.

முன்னெச்சரிக்கை முருகன்: எரிமலைக் குளிர்காலத்துக்கு வீட்டில் என்ன சேர்த்து வைக்கலாம்? நிலத்தடி அறை கட்டலாமா?

பதில்: நிலத்தடி அறை வேண்டாம், சென்னை மழையில் அதுவே குளமாகிவிடும். இரண்டு வாரத்துக்கு அரிசி, பருப்பு, தண்ணீர், மருந்து. அது புயலுக்கும் உதவும். அதற்கு மேல் தனி ஆள் செய்யக்கூடியது குறைவு.

பெரிய அளவில் என்ன நடக்கும் என்று பார்க்க வேண்டுமானால் மதராஸ் மாகாணத்தின் 1876–78 பஞ்சத்தைப் பாருங்கள். எரிமலை கிடையாது, பசிபிக் கடல் சூடாகி மழை தவறியது. ஆனால் தானியம் ரயிலேறி, கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தது, விலை ஏறி வாங்க முடியாமல் ஜனங்கள் செத்தார்கள். நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், ஒரு அணா. சென்னையில் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அந்தப் பஞ்ச வேலையில் தோண்டியது. ஐம்பது லட்சத்துக்கும் மேல் சாவு. வானம் பொய்த்தது ஒரு பாதி, மீதிப் பாதி மனிதக் கணக்கு. அடுத்த தம்போரா வந்தால் ஒவ்வொரு நாடும் ஏற்றுமதியை நிறுத்தும், அங்கேதான் ஆள் சாவான். ஆகவே கிடங்கு எங்கே, எவ்வளவு, யார் சாவி வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். சாமை, பனிவரகு மாதிரி சீக்கிரம் விளையும், கொஞ்சம் மழையில் தாங்கும் பயிர்களின் விதை ஊருக்கு ஊர் இருப்பதும் நல்லது.

அரக்கோணம் அருள்: வணக்கம் சார், 2029 ஏப்ரல்...

பதில்: மோதாது. மோதாது. மோதாது.

அரக்கோணம் அருள்: இல்லை சார், அன்றைக்கு இந்தியாவில் தெரியுமா என்று கேட்க வந்தேன்.

பதில்: சரி, அது நல்ல கேள்வி. மிக அருகில் வருவது நம் நேரப்படி 14-ஆம் தேதி விடிகாலை மூன்றேகால் மணி வாக்கில். நன்றாகத் தெரிவது ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாவில். வளைகுடாவில் சொந்தக்காரர் இருந்தால் மாடிக்குப் போகச் சொல்லுங்கள். வெளிச்சம் பளீரென்று அடித்தால் மட்டும் ஜன்னல் பக்கம்... அது வேறு கல்லுக்கு.

பயணி: இந்தியாவில் விண்கல் விழுந்த பள்ளத்தை நேரில் பார்க்க முடியுமா?

பதில்: மகாராஷ்டிராவில் லோனார். கருங்கல் போன்ற எரிமலைப் பாறையில் விழுந்த பள்ளம் என்பதால் உலகத்திலேயே அபூர்வம், செவ்வாயின், நிலவின் பள்ளங்களைப் புரிந்துகொள்ள இங்கே வந்து படிக்கிறார்கள். விட்டம் 1.8 கி.மீ. பழைய பெயரில் சொன்னால் ஔரங்காபாத் போய், அங்கிருந்து கிழக்கே ரோட்டில் மூன்று நான்கு மணிநேரம். மழைக்காலம் முடிந்து போங்கள். விளிம்பில் நின்றால் பாறை அடுக்குகள் வெளிப்பக்கமாகத் தலை தூக்கி வளைந்திருப்பது தெரியும், அதைத் தேடிப் பாருங்கள். இறங்க ஒற்றையடிப் பாதை உண்டு. அடியில் உள்ள ஏரித் தண்ணீர் உப்பும் காரமும். 2020 ஜூனில் நுண்ணுயிர்களால் இளஞ்சிவப்பாக மாறியது அந்த ஏரிதான். சரணாலயம் என்பதால் கல்லை எடுத்துப் பையில் போடாதீர்கள், லென்ஸ் மட்டும் எடுத்துப் போங்கள்.

செஞ்சிக்காரன்: ஒராங்குட்டான் மலைக்கு மறுபக்கம் ஒதுங்கியிருக்கலாமே?

பதில்: இருக்கலாம். நாளைக்கு எழுதுகிறேன்.